பெரிய சர்வர் வாங்கும் முன் ஒரு வரி

2021 மே 26, நண்பகல் 12 மணி. அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கான இரண்டாம் சுற்று முன்பதிவு இணையத்தில் திறந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிக்கும் மாணவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது அன்று கைப்பேசியில் ‘ரிஃப்ரெஷ்’ அழுத்திக்கொண்டே இருந்திருப்பார்கள். 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சுமார் ஒரு மணி நேரத்தில் நிரம்பின. பக்கம் திறக்கவில்லை, படிவம் வரவில்லை என்று புகார்கள் குவிந்தன. திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார்.

இப்படிப்பட்ட நாள்களில் எல்லாரும் சொல்வது, “பெரிய சர்வர் வாங்க வேண்டியதுதானே?” என்பதுதான். எந்தப் பக்கத்தை யாருக்கு, எவ்வளவு நேரம் நகலாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதே முதல் வேலை என்பது என் கருத்து. அதற்குப் பணம் தேவையில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை மதிய நேரத்தில் கவனியுங்கள். சாம்பார் கேட்கும் ஒவ்வொருவருக்காகவும் யாரும் சமையலறைக்கு ஓடுவதில்லை. பரிமாறுபவர் கையிலேயே வாளி இருக்கிறது. இணையத்தில் அந்தப் பரிமாறுபவர்தான் ‘ரிவர்ஸ் ப்ராக்ஸி’. உண்மையான சர்வருக்கு முன்னால் நின்று, பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்குக் கொடுக்கும். ‘என்ஜின்எக்ஸ்’ இதற்கு அதிகம் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று.

நகலை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதைச் சொல்வது, பக்கத்தோடு சேர்ந்து வரும் ‘கேஷ்-கண்ட்ரோல்’ என்ற தலைப்பு வரி. ‘எஸ்-மேக்ஸ்ஏஜ்=10’ என்று எழுதினால் ப்ராக்ஸிக்கு 10 வினாடி அனுமதி. வினாடிக்கு 1,000 பேர் கேட்டால் 10 வினாடியில் 10,000 கோரிக்கைகள். உள்ளே இருக்கும் சர்வருக்குப் போவது ஒன்றே ஒன்றாக இருக்கலாம். நகல் காலாவதியான நொடியில் ஆயிரம் பேரும் சமையலறைக்குள் பாயாமல், ஒரு கோரிக்கையை மட்டும் உள்ளே அனுப்பி, புதியது வரும்வரை மற்றவற்றுக்குப் பழைய நகலையே கொடுக்கவும் என்ஜின்எக்ஸில் வசதி உண்டு.

அதே எண்ணைத் தாராளமாக 3600 என்று போட்டால்? 11.50க்கு எடுத்த “பதிவு இன்னும் தொடங்கவில்லை” என்ற நகல் 12.50 வரை பரிமாறப்படும். நீங்கள் எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் ப்ராக்ஸி அதையே நீட்டும். அதையாவது நிர்வாகி அழித்துவிடலாம். ‘மேக்ஸ்-ஏஜ்’ மூலம் உங்கள் உலாவியில் தங்கிவிட்ட நகலை அவரால் தொடவே முடியாது. அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனி எண்கள்.

இதைவிட மோசமான தவறும் உண்டு. சாம்பாரை வாளியில் வைக்கலாம். ஒரு மேசையின் பில்லை அடுத்த மேசைக்குக் கொடுக்கலாமா? 2015 கிறிஸ்துமஸ் அன்று ‘ஸ்டீம்’ விளையாட்டுத் தளத்தில் அதுதான் நடந்தது. தாக்குதலால் குவிந்த கோரிக்கைகளைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய நகல் விதிகளில் பிழை. சிலருக்குப் பிறருடைய கணக்குப் பக்கம் திறந்தது. மின்னஞ்சல் முகவரி, வாங்கிய பொருள்களின் பட்டியல் வரை தெரிந்தது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது.

ஆகவே பெயர், அடையாள அட்டை எண், தேர்வு முடிவு உள்ள எந்தப் பக்கத்துக்கும் ‘நோ-ஸ்டோர்’ என்று எழுதுங்கள். ‘நோ-கேஷ்’ போதாது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: அதன் பொருள் “சேமிக்காதே” அல்ல, “சேமி, ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுவிட்டுக் கொடு” என்பதே. இவ்வளவு குழப்பமான பெயரை வைத்தவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம்தான்.

ஐந்தாம் படிவக் கணினி அறிவியலில் இணைய நிரலாக்கம் இருக்கிறது. பக்கத்தை வடிவமைக்கக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் இந்த ஒரு வரிக்கும் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும். அதுவரை நீங்களே பார்க்கலாம்: கணினி உலாவியில் எஃப்12 அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து, உங்கள் பள்ளி அகப்பக்கத்தை மீண்டும் ஏற்றி, முதல் வரியைச் சொடுக்குங்கள். ‘கேஷ்-கண்ட்ரோல்’ இருக்கிறதா, இருந்தால் என்ன எண் என்று பாருங்கள்.