தாயின் நோயை மறைத்தால் மகளுக்கு யார் சொல்வது? – மார்பகப் புற்றுநோய்: மரபணுவும் வாழ்க்கைமுறையும்



2025 பிப்ரவரி மாதம் சென்னை ஐஐடி ஒரு செய்தியை வெளியிட்டது. இந்தியாவைச் சேர்ந்த 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களில் இருந்து 960 மரபணு வரிசைகளைப் படித்து, 'பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம்' என்ற பெயரில் ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டார்கள். இதுவரை உலகம் பேசிவந்த புற்றுநோய் மரபணுக் கணக்குகள் பெரும்பாலும் மேற்கத்திய நாட்டுப் பெண்களின் கணக்குகள்தான். நம் நாட்டுப் பெண்களின் உடலில் என்ன நடக்கிறது என்பதை நம் மண்ணிலேயே ஆராயும் முயற்சி என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது.

ஆனால் 'மரபணு' என்ற சொல் நாளிதழில் இருந்து நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும்போது வேறொன்றாக மாறிவிடுகிறது. "அது பரம்பரை வியாதியாமே, அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா?" என்ற கேள்வியாகிறது. நைனார்பாளையம் போன்ற ஊர்களில் ஒரு தாய்க்கு மார்பில் கட்டி என்று தெரிந்தால், மருத்துவமனைக்குப் போகும் யோசனைக்கு முன்பே, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற முடிவு எடுக்கப்படுகிறது. மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், நிக்காஹ் முடியட்டும் என்று ஆறு மாதம், ஒரு வருடம் ஓடிவிடுகிறது. மகளின் வாழ்வைக் காப்பதாக நினைத்துத் தாயின் உயிரை இழக்கிறோம். மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய மிக முக்கியமான தகவலையும் அவளிடமிருந்து மறைத்துவிடுகிறோம்.

எனவே இந்த நோயில் மரபணுவின் பங்கு எவ்வளவு, நம் வாழ்க்கைமுறையின் பங்கு எவ்வளவு என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டின்படி, உலகில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் புதிய நோயாளிகள். 98 ஆயிரம் மரணங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். உலக அளவில் நோய் வந்தவர்களோடு ஒப்பிட்டால் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் நாட்டிலோ பாதிக்கு மேல். நோய் முற்றிய பிறகு மருத்துவரிடம் வருவது இதற்கு முக்கியமான காரணம்.

மரபணு என்ன செய்கிறது?

1990இல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, சில குடும்பங்களில் இளவயதிலேயே வரும் மார்பகப் புற்றுநோய்க்கு 17ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு காரணம் என்று காட்டினார். அதுவே பிஆர்சிஏ 1. அடுத்த சில ஆண்டுகளில் பிஆர்சிஏ 2 கண்டுபிடிக்கப்பட்டது.

இவை கெட்ட மரபணுக்கள் அல்ல. நம் எல்லோரிடமும் இருப்பவைதான். உயிரணுவின் மரபுப்பொருளில் ஏற்படும் பழுதைச் சரிசெய்வது இவற்றின் வேலை. பழுது பார்க்கும் இந்த மரபணுவே பிறவியிலேயே பழுதாக இருந்தால்தான் ஆபத்து. அப்படிப்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என்று பெரிய ஆய்வுகள் கூறுகின்றன. சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது.

பழுதான இந்த மரபணு ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படும் '185 டெல் ஏஜி' என்ற பிஆர்சிஏ 1 பழுது, தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டுள்ளது. நோய்க்கு மதமும் இல்லை, எல்லையும் இல்லை.

இனி, வரன் பார்க்கும் வீடுகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று செய்திகள்:

ஒன்று: மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் இப்படிப் பெற்றோரிடமிருந்து வரும் மரபணுப் பழுதால் ஏற்படுகிறது. மீதமுள்ள பெரும்பான்மைக்கு அப்படி ஒரு தனிப் பழுதைக் காட்ட முடியாது. தாய்க்கு வந்துவிட்டது என்பதாலேயே அதைப் 'பரம்பரை வியாதி' என்று முத்திரை குத்துவது அறியாமை.

இரண்டு: பழுது இருந்தாலும் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் போகாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மூன்று: அது தாய்வழியாக மட்டும் வருவதில்லை. அத்தாவிடமிருந்தும் மகளுக்கு வரலாம். அத்தாவின் சகோதரிக்கோ அத்தாவின் தாயாருக்கோ இளவயதில் இந்த நோய் வந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். பெண் வீட்டை மட்டும் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

சொந்தத்தில் மணம் முடிப்பதால் இந்த நோய் வருகிறதா என்றும் கேட்கிறார்கள். இந்தப் பழுது தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். எனவே சொந்தத்தில் கட்டாமல் இருந்தால் இது வராது என்று சொல்ல முடியாது. ஆனால் இருவரின் குடும்பத்திலும் ஒரே பழுது இருந்து, குழந்தைக்கு இரு பக்கமிருந்தும் வந்துவிட்டால், ரத்தம் உற்பத்தியாவதையே பாதிக்கும் அரிய நோய் வரலாம். குடும்பத்தில் பலருக்கு நோய் வந்திருந்தால், சொந்தத்தில் பேசும் முன் மருத்துவரிடம் ஆலோசிப்பது நல்லது.

ஒரே மரபணு, இரண்டு தலைமுறை

மரபணுவே தலையெழுத்து என்றால், ஒரே பழுது உள்ள பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே அளவு ஆபத்து இருக்க வேண்டும். அப்படி இல்லை.

மேரி கிளேர் கிங் குழுவினர் 2003இல் வெளியிட்ட நியூயார்க் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிஆர்சிஏ பழுது உள்ள பெண்களில், 1940க்கு முன் பிறந்தவர்களில் 24 சதவீதத்தினருக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தது. 1940க்குப் பின் பிறந்தவர்களில் அது 67 சதவீதம். பழுது ஒன்றுதான், காலம்தான் மாறியிருக்கிறது. இளவயதில் உடலுழைப்பு உள்ளவர்களாகவும் பருமன் இல்லாதவர்களாகவும் இருந்த பெண்களுக்கு நோய் தாமதமாகவே வந்ததையும் அதே ஆய்வு கண்டது.

இதேபோல், மார்பகப் புற்றுநோய் குறைவாக இருந்த ஜப்பான் போன்ற நாடுகளில் இருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களில், அடுத்தடுத்த தலைமுறைப் பெண்களுக்கு நோய் கூடியது. இரண்டு மூன்று தலைமுறையில் ஒரு சமூகத்தின் மரபணு மாறிவிடுவதில்லை. மாறியது சாப்பாடும் உழைப்பும் பிள்ளைப்பேறும்தான்.

மரபணு விதை என்றால் வாழ்க்கைமுறை மண்ணும் தண்ணீரும் போன்றது. இரண்டும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கின்றன.

நம் வீடுகளில் மாறியது என்ன?

கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் நம் பாட்டிமார் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், உரலில் மாவாட்டினார்கள், வயலுக்கு நடந்தார்கள். இன்று கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்துவிட்டன. அது நல்லதே. ஆனால் குறைந்துபோன உழைப்புக்கு ஈடாக எதையும் சேர்க்கவில்லை. விருந்துக்கு விருந்து பிரியாணி, மாலையில் எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை போட்ட டீ என்பது தினசரி வழக்கமாகிவிட்டது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள்.

சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 1,866 நோயாளிகளையும் அதே அளவு நோயற்ற பெண்களையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வில், இடுப்புச் சுற்றளவு 85 சென்டிமீட்டரைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு உடலில் சேரும் கொழுப்பு, ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் இடமாகிவிடுகிறது. அந்த ஹார்மோன் பல வகை மார்பகப் புற்றுநோய்களுக்கு உரம்.

தாய்ப்பால் இன்னொரு பெரிய பாதுகாப்பு. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆராய்ச்சி, ஒரு பெண் பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைவதாகக் கண்டது. மூன்று குழந்தைகளுக்கு இரண்டிரண்டு ஆண்டு கொடுத்த தாய்க்கு இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று அல்குர்ஆன் (2:233) காட்டும் வழிமுறை, குழந்தைக்கு மட்டுமின்றித் தாய்க்கும் அருளாக இருப்பதை இங்கே காண்கிறோம். சுப்ஹானல்லாஹ்!

மதுவும் இந்த நோயின் உறுதியான காரணங்களில் ஒன்று. அதிலிருந்து நம் பெண்களை மார்க்கம் காத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முதல் குழந்தை தாமதமாகப் பிறப்பது ஆபத்தைச் சற்றுக் கூட்டும் என்பதை வைத்து, "படிப்பை நிறுத்தி சீக்கிரம் கட்டிக்கொடு" என்று யாரும் கிளம்ப வேண்டாம். படித்த பெண்தான் கட்டியை முதலில் கவனிக்கிறாள், முதலில் மருத்துவரிடம் போகிறாள். அதேபோல் நோய் வந்த பெண்ணிடம், "நீ பால் கொடுக்கவில்லை, அதனால்தான்" என்று குத்திக்காட்டுவதும் கூடாது. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, பெண்ணாக இருப்பதும் வயதும் தவிர வேறு காரணம் எதுவும் தென்படுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பயம் வேண்டாம், பரிசோதனை வேண்டும்

அதே குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூறு பேரில் ஆறு பேர்கூட இல்லை. இந்தியா முழுவதும் பார்த்தால் ஒருவர்கூட இல்லை.

பெரிய இயந்திரம் இருந்தால்தான் பரிசோதனை என்பதில்லை. மும்பை டாடா மருத்துவமனையினர் 1998 முதல் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். 50 வயதைக் கடந்த பெண்களிடம் இந்த நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இலவசம். சந்தேகம் என்றால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மேல் சிகிச்சைக்கு சேலமும் புதுச்சேரி ஜிப்மரும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் இருக்கின்றன. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும்.

வலியில்லாத கட்டி, அக்குளில் நெறி, தோல் சுருங்குதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தம் – இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே போக வேண்டும். வலி இல்லையே என்று காத்திருப்பதுதான் ஆபத்து. தொடக்கக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

மரபணுச் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. குடும்பத்தில் 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், இரு மார்பிலும் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் – இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். இயன்றவரை நோய் வந்தவரையே முதலில் சோதிப்பது முறை. பழுது இருப்பது தெரிந்தால், இளவயதிலேயே ஸ்கேன் கண்காணிப்பு, தடுப்பு மாத்திரை, அறுவை என்று பல வழிகள் உண்டு. மறைத்து வைத்த குடும்பத்து மகளுக்கு இந்த வாய்ப்பு எதுவுமே கிடைப்பதில்லை.

ஜமாஅத் செய்ய வேண்டியது

"எல்லாம் கத்ர்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவது மார்க்கம் கற்றுத்தந்த வழியல்ல. நோய்க்குச் சிகிச்சை செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் அறிந்த உமர் (ரலி) அவர்கள், தோழர்களிடம் ஆலோசித்துவிட்டுப் பயணத்தைத் திருப்பினார்கள். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பிறகு வைப்பதுதான்.

வெட்கம் இன்னொரு தடை. பெண் மருத்துவரைத் தேடுவது சரியானதே. கிடைக்காதபோது, தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். கணவன்மார்களே, "எதற்கு இப்போ?" என்று கேட்காமல் நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, பெண்கள் மதரஸாவிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ சுகாதார நிலையத்துப் பெண் பணியாளர்களை அழைத்து முகாம் நடத்தலாம். பிற சமூகச் சகோதரிகளையும் அழைக்கலாம். ஜும்ஆ பயானில் ஒருமுறை இதைப் பேசினால் நூறு வீடுகளில் பேச்சு திறக்கும். முக்கியமாக, தாய்க்கு நோய் என்பதற்காக ஒரு வரனைத் தட்டிக்கழிப்பது தவறு என்று மிம்பரிலிருந்து சொல்லப்பட வேண்டும். அந்தப் பயம் போனால்தான் மறைப்பதும் போகும்.

இன்றிரவு உங்கள் மகளை அருகில் அமர்த்தி, அத்தா வழியிலும் அம்மா வழியிலும் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று சொல்லிக்கொடுங்கள். நகையைவிட அது அவளுக்குப் பயன்படலாம்.

நோயுற்ற நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.