போர்வைக்கு ஓர் இடம்

தில்லியில் டிசம்பர் பிறந்ததும் நடைபாதைகளில் போர்வை வழங்குவோர் பெருகுவதும், பிப்ரவரி கழிந்ததும் அந்த அக்கறை வடிந்துவிடுவதும் ஆண்டுதோறும் காணும் வழக்கம். சமவெளிகளில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்கோ அதற்குக் கீழோ இறங்கினால் அதைக் குளிர் அலை என்று இந்திய வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. ஆனால், திறந்தவெளியில் படுப்பவரின் உயிருக்கு ஆபத்து நேர அவ்வளவு குளிர் தேவையில்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே சரிவதையே மருத்துவர்கள் உடல்வெப்பக் குறைவு என்கின்றனர்; பனியில் நனைந்த துணியும் வெறும் வயிறும், குளிருக்கு இதமென்று நம்பிக் குடிக்கும் மதுவும் அந்நிலையை விரைவுபடுத்துகின்றன. தோலின் இரத்தநாளங்களை விரித்து உடற்சூட்டை வெளியேற்றுவதே மதுவின் வேலையாதலால், அது தரும் கதகதப்பு வெறும் ஏமாற்று.

போர்வை கொடுப்பது நற்செயலே. எனினும், மேலே எத்தனை போர்த்தினாலும் சிமெண்ட் தரை அடியிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும் என்பதும், விடிந்ததும் ரிக்‌ஷா இழுக்கவோ மூட்டை தூக்கவோ புறப்படும் தொழிலாளிக்கு அப்போர்வையைப் பத்திரப்படுத்த ஒரு மூலைகூடக் கிடையாது என்பதும் கொடையாளர் கணக்கில் வருவதில்லை. பழைய தில்லியில் ரஜாய் எனப்படும் பஞ்சு மெத்தைப் போர்வையை இரவு வாடகைக்கு விடுவது ஒரு தொழிலாகவே வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆகவே, முதன்மையான தேவை இடம். 2009 டிசம்பரில், கடுங்குளிர் நாளில், பூசா சாலையிலிருந்த தற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சியே அகற்றியது. அதன் பின்னரே, 2001 முதல் நடந்துவந்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இரவுக் காப்பகங்கள் குறித்துக் கண்டிப்பான ஆணைகளைப் பிறப்பித்தது. ஒரு லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கத்தக்க நிரந்தரக் காப்பகம், ஒருவருக்கு 50 சதுர அடி என்ற அளவுகள் பிறகு தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகளில் இடம்பெற்றன. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் வீடற்றோர் ஏறத்தாழ 9.38 லட்சம் பேர்.

கட்டடம் எழுந்தாலும் அது எங்கே நிற்கிறது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனை வாசலில் சிகிச்சைக்காகக் காத்துக்கிடக்கும் வெளியூர்க் குடும்பத்துக்கு ஊர்க்கோடியிலுள்ள கூடாரம் உதவாது; அதிகாலைச் சந்தையில் கூலி தேடுபவரும் வேலையைவிட்டு விலகிப்போய் உறங்கமாட்டார். பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனியிடம், உடைமைகளுக்குப் பூட்டுள்ள பெட்டி, சுத்தமான கழிப்பறை ஆகியவை இல்லாத காப்பகத்தில் படுக்கைகள் காலியாகக் கிடந்தால், ஆட்களே வரவில்லை என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வது முறையன்று.

கொடை தர விழைவோர் அருகிலுள்ள காப்பகத்தில் என்ன குறைகிறது என்று கேட்டறிந்து தரட்டும். போர்வை கொடுப்பதானால், அடியில் விரிக்க ஒரு தடித்த பாயையும் சேர்த்தே கொடுக்கட்டும்.