மேட்டின் மேல் இரண்டு சுவர்கள்

புதுச்சேரிக்கு வடமேற்கே, திண்டிவனம் சாலையில், கோரிமேடு என்று ஓர் ஊர் இருக்கிறது. கோரி என்றால் சமாதி என்று பொருள். ஜிப்மர் ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் தமிழ் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் அந்த மேட்டை நாடி வருகிறார்கள். வந்த காரியம் முடிந்து ஒரு பகல் பொழுது மிஞ்சுமானால், அவர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு மேடும் புதுச்சேரியில் உண்டு. நகரத்தைக் கடந்து தெற்கே கடலூர்ச் சாலையில் சென்று, அரியாங்குப்பத்தில் ஆற்றங்கரைப் பக்கமாகத் திரும்ப வேண்டும். அங்கே இருப்பது அரிக்கமேடு. பெயரில் சமாதி இல்லாவிட்டாலும், ஒரு பட்டினமே புதைந்து கிடக்கும் இடம் அது.

மரங்களுக்கு நடுவே, எதிரெதிராக நிற்கும் இரண்டு செங்கற் சுவர்கள்தான் முதலில் கண்ணில் படும். கூரை இல்லை. சுண்ணாம்புப் பூச்சு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆயினும் வளைவுகளின் வடிவைப் பார்த்தால், இது சாதாரணக் குடியானவன் கட்டிய வீடு அல்ல என்பது விளங்கும். ஒரு பக்கம் ஆறு; மறு பக்கம், சிறிது தூரத்தில், கடலை ஒட்டி வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர். ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்துக்குச் சுற்று வட்டாரமே அங்கே திரண்டுவிடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வந்து அந்தத் தேருக்கு வடம் பிடிப்பார். பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும், 1954-க்குப் பின் வந்த நம்முடைய ஆட்சியாளர்கள் அந்த வழக்கத்தை விடவில்லை.

இத்தகைய மீனவர் பூமியில் மேனாட்டுப் பாணியில் வீடு கட்டியவர் யார்? பலர் இதை "ஏசு சபையார் வீடு" என்று சொல்லுகிறார்கள். உண்மையில் இதைக் கட்டியவர் பாரிஸ் அந்நிய தேச மிஷனைச் சேர்ந்த பிக்னோ தெ பெஹேன் என்னும் பாதிரியார். கொச்சின் சைனாவின் எல்லைப் புறத்தில் அவர் நடத்தி வந்த குருமடம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. உயிர் தப்பிய மாணவர்களுடன் கடல் வழியாக ஓடி, மலாக்கா வந்து, அங்கிருந்து 1770-ல் புதுச்சேரியை அடைந்தார். அகதிகளாக வந்த அந்தப் பிள்ளைகளுக்காக 1771-க்கும் 1773-க்கும் இடையில் எழுந்த வீடு இது.

சரித்திரத்தின் விசித்திரத்தைப் பாருங்கள்! வீராம்பட்டினத்து மீனவர்கள் கட்டுமரம் தள்ளும் ஓசைக்கு அருகே உட்கார்ந்து, வியட்நாம் மொழிக்கும் லத்தீனுக்கும் ஓர் அகராதி தயாரித்தார் அந்தப் பாதிரியார். 1773-ல் கையெழுத்துப் பிரதியாக முடிந்த அந்த வேலைதான், 1838-ல் வங்காளத்துச் சீராம்பூரில் அச்சான வியட்நாம் அகராதிக்கு அஸ்திவாரம். 1774-ல் மயிலைச் சாந்தோமில் அவர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். பின்னர் கப்பல் ஏறிக் கிழக்கே போய்விட்டார். பிற்காலத்தில் வியட்நாமின் அரசுரிமைப் போரில் அவர் கலந்து கொண்ட கதை தனியே எழுத வேண்டிய பெருங்கதை. இங்கே குருமடம் 1783-ல் கைவிடப்பட்டது. ஆக, பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த வீடு இருநூற்று நாற்பது வருஷங்களுக்கு மேலாகப் பாழாக நிற்கிறது.

வீட்டின் கதை இவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு அடியில் இருப்பதன் கதை அதைவிடப் பெரியது.

அதை எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஒரு வான சாஸ்திரி. லெ ஜாந்தி என்னும் அந்தப் பிரெஞ்சுக்காரர், சூரியனைச் சுக்கிரன் கடந்து செல்வதைக் கணிப்பதற்காகப் புதுச்சேரியில் காத்திருந்தார். 1769-ஆம் வருஷம் ஜூன் மாதம், பார்க்க வேண்டிய நேரத்தில் மேகம் மூடிவிட்டது. ஆகாயம் அவரை ஏமாற்றினாலும் பூமி ஏமாற்றவில்லை. வீராம்பட்டினத்துக்கு அருகே ஆற்றங்கரையில் பழைய சுவர்கள் தெரிவதையும், கிராமத்தார் பெரிய பெரிய செங்கற்களைத் தோண்டி எடுத்துப் போவதையும் அவர் குறித்து வைத்தார்.

பிறகு நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் எவரும் அக்கறை கொள்ளவில்லை. 1930-களில் புதுச்சேரி ஆசிரியரான ழூவோ துப்ராய், மேட்டில் மழைக்குப் பின் கிடைக்கும் பாசிமணிகளையும் வண்ணக் கற்களையும் சேகரிக்கலானார். 1937-ல் கிடைத்த ஒரு கல்லில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் உருவம் செதுக்கியிருப்பதாக அவர் அறிவித்தார். 1945-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர் மார்ட்டிமர் வீலர் முறைப்படி அகழ்ந்தார். இத்தாலி தேசத்துச் சிவப்புக் கிண்ணங்கள், திராட்சை மது வந்த இரு கைப்பிடி ஜாடிகள், செங்கல் தொட்டிகள், கட்டடச் சுவர்கள் எல்லாம் வெளிப்பட்டன. 1946-ல் வெளியான அறிக்கையில் கோஷ், கிருஷ்ண தேவா என்ற இரண்டு இந்திய அறிஞர்களின் உழைப்பும் உண்டு. பழைய கிரேக்கக் கடல் வழிநூலில் வரும் "பொதுகே" என்னும் துறைமுகம் இதுவே என்பது பெரும்பாலோர் அபிப்பிராயம்.

வீலர் துரை தம் கண்டுபிடிப்பை அழகாகச் சித்திரித்தார். ஒன்றுமறியாத மீனவர் குப்பம் ஒன்று இருந்ததாம். ஒரு நாள் மேற்கிலிருந்து கப்பல்கள் வந்தனவாம். அந்தக் குப்பம் பட்டினமாக மாறிற்றாம். இந்தச் சித்திரம் வெகு காலம் பள்ளிக்கூடப் புத்தகங்களை ஆண்டது.

பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் தலைமையில், பென்ஸில்வேனியா சர்வகலாசாலையும் சென்னைச் சர்வகலாசாலையும் சேர்ந்து மீண்டும் அகழ்ந்தன. யவனர் கிண்ணம் வருவதற்கு முன்பே இங்கே குடியிருப்பும் வியாபாரமும் நடந்ததற்கு அடையாளங்கள் கிடைத்தன. கூட்டம் கூட்டமாக வரிப் புள்ளி பதித்த நேர்த்தியான தட்டுகளை மேனாட்டுச் சரக்கு என்று வீலர் எண்ணியிருந்தார். அவை இந்திய மண்ணில் சுட்டவை என்று பிற்கால ஆராய்ச்சி காட்டிவிட்டது. இங்கே உருவான கண்ணாடி மணிகளின் வகைகள் கடல் கடந்து கீழ்த்திசை நாடுகளிலும் கிடைத்திருக்கின்றன. விருந்தாளி வந்து வீட்டைக் கட்டிக் கொடுக்கவில்லை. வீடு ஏற்கெனவே இருந்தது, விருந்தாளி வந்தார். ரோமாபுரியார் ஆயினும் பிக்னோ பாதிரியார் ஆயினும் கதை அதுதான்.

இப்படிப்பட்ட மேட்டை நாம் எப்படிப் போற்றினோம்? தலைமுறை தலைமுறையாகச் செங்கல்லைப் பிடுங்கினோம். வீலர் தோண்டிய பல இடங்களில் சுவர் இல்லை. சுவரைப் பெயர்த்தெடுத்த பள்ளம்தான் இருந்தது. ஏழை வீடு கட்டக் கல் எடுத்தான் என்றால் அவனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவனுக்கு யாரும் அதன் மதிப்பைச் சொல்லவில்லை. ஆனால் படித்தவர்கள் செய்ததும் மெச்சத்தக்கதாக இல்லை. அகஸ்டஸ் உருவம் பொறித்ததாகச் சொன்ன கல் காணாமற் போயிற்று. வீலருக்கு முன்பு கிடைத்த பொருள்களில் ஒரு பகுதி ஹனோய் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வியட்நாமிலிருந்து வந்த அகதிகள் குடியிருந்த மேட்டின் செல்வம் வியட்நாமுக்கே போயிற்று என்று வேண்டுமானால் ஆறுதல் சொல்லிக் கொள்ளலாம்!

ஆறு கரையை அரித்துக் கொண்டே இருக்கிறது. மேட்டின் பெயருக்கே அதுதான் காரணம் என்று சொல்வோரும் உண்டு. சர்க்கார் வேலி போடலாம். அறிவிப்புப் பலகை நடலாம். வேலியைத் தாண்டுவதா வேண்டாமா என்று தினந்தோறும் தீர்மானிப்பவர்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இந்த மேட்டின் கதையைச் சொல்ல வேண்டும். "உன் ஊர் குப்பமாக இருந்து அந்நியரால் உயர்ந்தது அல்ல, உன் முன்னோர் மணி செய்து, பானை சுட்டு, அலைகடலைத் தாண்டி வியாபாரம் செய்த ஊர்" என்று எடுத்துரைக்க வேண்டும். அதைக் கேட்டு வளரும் பிள்ளை மழைக்குப் பின் ஒரு மணியைக் கண்டெடுத்தால், விற்பதற்கு ஓட மாட்டான். வாத்தியாரிடம் கொண்டு வந்து காட்டுவான்.

நேயர்கள் குழந்தை குட்டிகளுடன் போய்ப் பார்க்க வேண்டும். நிழலும் காற்றும் உண்டு; பார்ப்பதற்குக் கட்டணச் சிற்பங்களோ கோபுரமோ இல்லை. இரண்டு சுவர்கள்தாம். அவற்றைச் சாய்ந்து படம் பிடித்துக் கொள்ளாமல், ஒரு கல்லையும் பெயர்க்காமல் திரும்பி வந்தால், அந்த மேட்டுக்கு நாம் பட்ட கடனில் ஒரு தவணை தீர்ந்ததாகும்.