இழுக்கும், நிற்குமா?



கும்பப்பூ அறுப்பு வந்தால் கொட்டாரம் ரோட்டில் டிராக்டரும் டிரெய்லரும்தான். "50 குதிரைசக்தி வண்டி அண்ணாச்சி, எவ்வளவு ஏத்தினாலும் இழுக்கும்லா" என்கிறார்கள். இழுக்கும். நிற்குமா என்பதே கேள்வி.

கணக்கு பாருங்கள். டிராக்டர் எடை ஏறக்குறைய 2 டன். 75 கிலோ மூட்டை 80 ஏற்றினால் நெல் மட்டும் 6 டன். பிரேக் பெரும்பாலும் டிராக்டரின் பின் சக்கரத்தில்தான். பல டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. பாரம் கொக்கியில் அழுத்தினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. போன வருஷம் குளத்தங்கரை இறக்கத்தில் என் வண்டியையே டிரெய்லர் தள்ளிக்கொண்டு போனது. வரப்பில் முட்டி நின்றதால் இதை எழுதுகிறேன்.

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஆசைப்பட்டா அதிகம் ஏற்றுகிறோம்? டீசலும் வாடகையும் கட்டாமல்தான் இரண்டு நடையை ஒரு நடையாக்குகிறோம். பிரேக் இல்லாத டிரெய்லரைச் செய்து விற்கிறவனை யார் கேட்பது?

அரசே! அறுப்பு நேரத்தில் வயலுக்குப் பக்கத்திலேயே கொள்முதல் நிலையம் திற! டிரெய்லருக்குப் பிரேக் பொருத்த மானியம் கொடு!

நாமும் செய்ய வேண்டியது உண்டு. ரோட்டில் ஏறுமுன் இரண்டு பிரேக் மிதியையும் சேர்த்துப் பூட்டுங்கள். பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டுங்கள். மூட்டைமேல் ஆளை ஏற்றாதீர்கள். நெல் அடுத்த பூவிலும் விளையும்; போன உயிர் வராது.

ஒன்றுபடுவோம்! உரிமை கேட்போம்!