தடை மட்டும் போதாது, பானெட்டைத் திறந்து பாருங்கள்

வண்டியில் வேறு ரக இன்ஜினைத் தூக்கி வைப்பதை நம் சட்டம் ஏற்பதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம், இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம் என்றது.

இருந்தும் மாற்றுகிறார்கள். கோவையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். மாற்றும் வேலையை நான் எடுப்பதில்லை. யாரோ மாற்றியதில் கோளாறு வந்தபின் வண்டி என்னிடம் வரும். அப்படிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: தடைக்குப் பயந்து யாரும் நிறுத்தவில்லை, மறைத்துச் செய்கிறார்கள். மறைத்துச் செய்யும் வேலையில் முதலில் கைவிடப்படுவது பெட்ரோல் ஓஸும் வயரிங்கும்தான்.

ஜிப்ஸியை எடுத்துக்கொள்வோம். மலைத்தோட்டக்காரர்களுக்கு அந்த வண்டி மேல் தனிப் பாசம். 1985-ல் மாருதி இறக்கிய ஜிப்ஸியில் 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின். பின்னாளில் 1300 சிசி வந்தது, அப்புறம் அதுவே எம்பிஎஃப்ஐ, அதாவது பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் ரகம் ஆனது. எஸ்டீம் காரிலும் அதே குடும்பத்து 1300 இன்ஜின்தான். ஆகவே பழைய ஜிப்ஸிக்காரர்களின் கண்ணெல்லாம் ஸ்கிராப்புக்கு வரும் எஸ்டீம் மேல். காது வைத்துக் கேட்பார்கள், கம்ப்ரஷன் பார்ப்பார்கள், நாலு கடை ஏறி இறங்கி விலை பேசுவார்கள். "டேங்கிலிருந்து என்ன ஓஸ் போடப் போறீங்க?" என்று கேட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை இழுப்பது இன்ஜினோடு ஒட்டிய சின்ன பம்ப். இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஓஸுக்குள் அழுத்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. எம்பிஎஃப்ஐயில் கதையே வேறு. கரண்ட்டில் ஓடும் பம்ப் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. கார் டயரில் 30, 32 பாயிண்ட் காற்று அடிக்கிறோமே, அதைவிட அதிகம். பழைய ஓஸையே விட்டு, அதன் மேல் பைப் கிளிப் ஒன்றை முறுக்கிவிட்டால் அது எத்தனை நாள் தாங்கும்? ஓஸின் மேலேயே அதன் தரம் அச்சாகியிருக்கும். இன்ஜெக்ஷனுக்கு உரியது ஆர்9 ரகம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், பிறகு வெடிப்பு விடும். பெட்ரோல் லைனை இணைக்கும் பான்ஜோ போல்ட்டுக்குச் செம்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும்; ஒருமுறை நசுங்கியதைத் திருப்பிப் போட்டால் கசியும். வாஷர் விலையைக் கேட்டால் சிரிப்பு வரும். அதில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வயரிங் இதைவிட மோசம். எஸ்டீமில் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும், ஜிப்ஸியில் நீளவாக்கில். ஒன்றின் ஹார்னஸ், அதாவது வயர்க்கட்டு, மற்றதற்குப் பொருந்தாது. ஒரு பக்கம் எட்டாது, மறுபக்கம் சுருண்டு தொங்கும். உடனே வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவார்கள். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி, ஜாயிண்ட் வெளியே வந்துவிடும். எர்த் வயர் சரியில்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அதை உருக்கியதையும் பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் மன்னித்தாலும் ஒன்றை மன்னிக்க மாட்டேன். பெட்ரோல் பம்பை இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மின் கட்டுப்பாட்டில் உள்ள ரிலே வழியாக இணைக்காமல், இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக வயர் இழுத்துவிடுவது. ரிலே இருந்தால், இன்ஜின் சுற்றும் சிக்னல் நின்றதும் ஈசிஎம் பம்பை நிறுத்திவிடும். நேரடி வயரில் அந்தக் காவல் இல்லை. வண்டி மோதி ஓஸ் அறுந்து இன்ஜின் நின்றுபோன பிறகும், சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் பெட்ரோலை ரோட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் சூடான சைலன்சர். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஜிப்ஸியில் இப்படித்தான் இருந்தது. ஃப்யூஸும் கிடையாது. செய்தவரைக் கேட்டால், "ஓடுதில்லீங்ணா, அப்புறம் என்ன?" என்பார்.

இதை யார் பிடிப்பது? பதினைந்து வருடம் ஆன காரை ஆர்சி புதுப்பிக்கக் கொண்டுபோனால் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்கிறார்கள். ஹாரன், லைட், பிரேக் பார்க்கிறார்கள். பம்ப் ரிலேயைத் தேடுவோர் இல்லை.

சிஎன்ஜி விஷயத்தில் இதே அரசு புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. சோதனை நிறுவனம் ஒப்புதல் தந்த கிட்டைத்தான் மாட்ட வேண்டும், ஆர்சியில் பதிய வேண்டும், மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதிக்க வேண்டும். பெட்ரோலை விட்டு கேஸுக்கு மாற வழி இருக்கிறது. ஒரு பெட்ரோல் இன்ஜினிலிருந்து வேறு ரக இன்ஜினுக்கு மாறத்தான் வழியில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இன்ஜின் மாற்றுவோர் அங்கீகாரம் பெற்ற ஆளிடம் வண்டியைக் காட்டிச் சான்று வாங்குகிறார்கள். எல்லாவற்றையும் அனுமதியுங்கள் என்று நான் கேட்கவில்லை. 970 சிசி வண்டிக்கு மூன்று மடங்கு பலமுள்ள இன்ஜின் வைக்கக் கேட்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். அளவான மாற்றத்துக்கு மட்டும் ஒரு வழி வையுங்கள்: கட்டணம் வாங்குங்கள், ஓஸ், ரிலே, ஃப்யூஸ், எர்த் நான்கையும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தப்பிருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

அந்த ஏற்பாடு வரும்வரை, இன்ஜின் மாற்றிய எம்பிஎஃப்ஐ வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே ஒன்று செய்யலாம். சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்க் பக்கம் பம்ப் ஓடும் சத்தம் இரண்டு மூன்று விநாடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.