எல்லை யாருக்கு ஒழிந்தது?

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்ததோடு லாரிகளுக்கு மாநில எல்லை என்பதே இல்லாது போயிற்று என்ற நம்பிக்கை, கவரைப்பேட்டை நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடைகளிலும் கற்றோர் கூடும் சபைகளிலும் ஒருசேர நிலவி வருகிறது. இது வெறும் பிரமை.

அரசியலமைப்பின் 101-ஆவது திருத்தம் மாநிலப் பட்டியலிலிருந்து சரக்கு நுழைவு வரிக்குரிய 52-ஆம் இனத்தை நீக்கிற்று. வாகன வரிக்குரிய 57-ஆம் இனத்தை அது தொடவேயில்லை. ஆகவேதான் சரக்குக்குத் தடை நீங்கிய பின்னும், அதைச் சுமந்துவரும் வண்டியும் சாரதியும் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூர்ச் சாவடியில் காகிதக் கட்டோடு இறங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

“நேஷனல் பர்மிட் இருக்கிறதே!” என்பர். ஆண்டுக்கு 16,500 ரூபாய் செலுத்திப் பெறும் அந்த அனுமதி நாடெங்கும் செல்லும், மெய்தான். ஆயினும், ஹரியானாவிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டுவந்து இறக்கிய ஒரு சாரதி, ரிட்டன் லோடு அமையாமல் இரண்டு பகலும் இரண்டு இரவும் சாலையோரத்தில் கிடந்து, கைக்காசு கரைந்து, வண்டி நிழலில் ஸ்டவ் மூட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கையில், அருகிலுள்ள உருட்டாலையிலிருந்து கோவைக்குக் கம்பி ஏற்றிச் செல்ல அழைப்பு வருமாயின், அதை அவர் ஏற்கலாகாது. வேற்று மாநிலத்தின் இரண்டு ஊர்களுக்கிடையே சரக்கு ஏற்றி இறக்குவதை அந்த அனுமதியின் நிபந்தனையே தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, அந்நிய நாட்டு லாரி வந்த சரக்கை இறக்கியபின், அந்நாட்டுக்குள்ளேயே ஏழு நாட்களில் மூன்று முறை சரக்கு ஏற்றிச் செல்லலாம். அவர்கள் பல தேசத்தார்!

உள்ளூர் லாரி உரிமையாளரின் ஜீவனத்தைக் காக்கவே இவ்விதி என்பதை நான் மறுக்கவில்லை. அவர்கள் அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பவர் போட்டி முதலாளி அல்லர், அவரிடம் சம்பளத்துக்கு ஓட்டுபவர்.

அபராதத்தின் கதியும் அதுவே. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. பாரத்தை ஏற்றச் சொன்னவர் ஆலைக் கணக்கறையில் அமர்ந்திருக்க, அதிகாரியின் முன் கைகட்டி நிற்பவர் ஓட்டுநரே. பல குற்றங்களுக்கு ஸ்தலத்திலேயே வாங்கும் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை 200-ஆவது பிரிவு மாநிலங்களிடமே விட்டிருப்பதால், ஒரே குற்றத்துக்கு எல்லை கடந்ததும் வேறு விலை. இத்தனையையும் பாஷை தெரியாத ஊரில் அவர் தனித்தே எதிர்கொள்கிறார். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு ஓட்டுநர் வேண்டுமென்ற விதியைத்தான் 2018-இல் எடுத்துவிட்டோமே!

குஜராத் 2019-இலும் மத்தியப் பிரதேசம் 2024-இலும் போக்குவரத்துச் சாவடிகளை மூடின. நம்மவர் அவ்வளவு செய்ய மனமில்லாவிடினும், எளாவூரில் அபராத விகிதங்களைத் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி வைத்து, வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்தச் சாரதி படிக்கக்கூடிய எழுத்தில் ரசீது கொடுக்கட்டும்.