கட்டுச்சோறு எத்தனை நாள்?

நம் துறையின் கருத்தரங்க மலரைத் திறமூல மென்பொருளொன்றில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தோம். உலாவியில் செம்மையாகத் தெரிந்த தமிழ் அம்மென்பொருளில் மட்டும் சிதைந்தது. 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நின்றது. எழுத்தைக் கோத்துக் காட்டும் நிரல் நூலகம் கணினியில் புதியதாகவே இருந்தது. மென்பொருளோ தன் பொதிக்குள் கட்டிக்கொண்டு வந்த பழைய படியையே நாடியது. கணினியை எத்தனை முறை புதுப்பித்தும் பயனில்லை.

எழுத்தைக் கோத்தல், கோப்பைச் சுருக்குதல் போன்ற பொதுப் பணிகளை ஒருமுறை எழுதிவைத்துப் பல மென்பொருள்களும் எடுத்தாள்வதற்கே பகிர்வு நூலகம். அதன் படியையும் சேர்த்துக் கட்டித் தருவோர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 'இன்ன நூலகம் இல்லை' என்ற பிழைச்செய்தியோடு நிறுவல் நின்றுபோனால் புதிய பயனர் மனம் சோர்வார். தாம் சோதித்த பதிப்போடே மென்பொருள் இயங்கவேண்டும் என்பது வெளியிடுவோர் கவலை. வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு நல்லதுதான். ஆனால் அது ஊசிப்போகும்.

2002 மார்ச்சில் ஸீலிப் என்னும் சுருக்க நூலகத்தில் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. பகிர்வு நூலகத்தை நாடிய மென்பொருள்களுக்கு அந்த ஒன்றைப் புதுப்பித்ததே போதுமாயிற்று. தம்முள் படி வைத்திருந்தவற்றையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த நேர்ந்தது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே நூலகத்தின் குறை தெரியவந்தபோதும், அது எந்தெந்தப் பொதிகளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று கண்டறிவதே பெரும்பாடாயிற்று. இத்தகைய உட்படிகளைத் தவிர்க்குமாறு டெபியன் வழங்கலின் கொள்கை ஏடு அறிவுறுத்துவது வீண் பிடிவாதமன்று.

மூலநிரலை வெளியிடுவோர் படிகளைச் சேர்க்காது, தேவைப்படும் நூலகங்களின் பெயரையும் பதிப்பையும் பட்டியலிட்டுத் தருவதே முறை. பயனரின் வசதிக்காகக் கட்டித் தந்தே ஆகவேண்டுமெனில், உள்ளிருப்பவை எவை, எந்தப் பதிப்பு என்று எழுதிவைக்கட்டும். கணினியிலுள்ள நூலகத்தை நாடவும் வழி விடட்டும். உள்ளே வைத்த நூலகத்தில் குறை வெளிப்பட்டால் தாமதமின்றிப் புதிய பொதி தரும் கடமையையும் ஏற்கட்டும். இது இயலாதவர் கட்டாமல் இருப்பதே நன்று.

கணினித்துறை மாணவர் ஒருவர் அந்தப் பழைய படியை நீக்கி, கணினியின் நூலகத்தோடு மூலநிரலை மீண்டும் தொகுத்துத் தந்தார். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. மலரும் அச்சுக்குப் போயிற்று. மூலநிரல் திறந்திருந்ததால் அது கைகூடியது. அம்மாணவர் அருகில் இல்லாத ஊர்களில், அதே பொதியை நிறுவிய தமிழாசிரியர் என்ன செய்திருப்பார்?